தபால் எதுவும் இல்லை

"ஆடி 3, வெள்ளி. மேற்கே மேகம், மழை இல்லை. அய்யனார் கோவில் ஆற்றில் தண்ணீர் குறைவு. தபால் எதுவும் இல்லை."

என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு உள்ள பதிவு இவ்வளவுதான். திருமணத்துக்கு முன்பிருந்தே எழுதிவருகிறேன். தெரியாமல் எழுதிய பிழைகள் அதில் பல இருக்கும். தெரிந்தே எழுதிய பொய் என்றால் இந்தக் கடைசி வாக்கியம்தான். அன்று பகலில் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. கிரெடிட் கார்டு பாக்கியைப் பதினைந்து நாளுக்குள் கட்டாவிட்டால் வழக்குத் தொடரப்படும் என்று வங்கியின் வக்கீல் அனுப்பிய நோட்டீஸ். பேண்டேஜ் துணி நெய்யும் யூனிட்டில் எனக்குக் கணக்கு வேலை; சாயங்காலம்தான் திரும்பினேன். என் மனைவி கையெழுத்துப் போட்டு வாங்கி, உறையைப் பிரிக்காமல் என் மேசையில் வைத்திருந்தாள்.

"வக்கீல் பேரு போட்டிருக்கே, என்னவாம்?" என்று கேட்டாள்.

"கண்மாய் விஷயமா எழுதியிருக்காங்க" என்றேன். பிறகு உறையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மேலே உள்ள பதிவை எழுதினேன்.

கடன் எதற்காக என்றும் சொல்லிவிட வேண்டும். சீட்டாட்டமோ வைத்தியமோ இல்லை, ஒரு புத்தகம். எங்கள் வட்டாரக் கண்மாய்களைப் பற்றிப் பல வருடம் அலைந்து திரட்டிய தகவல்களை அச்சிட ஆசைப்பட்டேன். அச்சகத்துக்கு ஒரு கார்டு. வெளியீட்டு விழாவுக்கும் சாப்பாட்டுக்கும் இன்னொரு கார்டு. பிறகு முதல் கார்டின் குறைந்தபட்சத் தொகையைக் கட்ட இரண்டாவதிலிருந்து எடுத்தேன். யாரோ ஒரு மில்காரர் அச்சுச் செலவை ஏற்றுக்கொண்டதாக மனைவியிடம் சொல்லியிருந்தேன். விற்காத படிகள் பரணில் கட்டுக்கட்டாக இருந்தன. ஆயுத பூஜைக்குப் பரணைத் துடைக்கும்போதெல்லாம் அவற்றை அவள்தான் இறக்கி ஏற்றினாள்.

நோட்டீஸ் வந்த பிறகு எனக்குப் பணத்தைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. வழக்குப் போட்டால் கோர்ட்டு அமீனா சம்மனோடு வீட்டுக்கு வருவார். வாங்க ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, கதவில் ஒட்டிவிட்டுப் போவார். எங்கள் தெருவில் முன்பு ஒரு வீட்டுக் கதவில் அப்படி ஒட்டியதை நானே பார்த்திருக்கிறேன். தேதி, நேரம், ஒட்டியவர் கையெழுத்து எல்லாவற்றையும் கிட்டப் போய்ப் படித்துக் குறிப்பும் எழுதிக்கொண்டேன். அந்த வீட்டு அம்மா உள்ளே ஜன்னலோரம் நின்றிருந்ததை அப்போது நான் பொருட்படுத்தவில்லை.

பதினைந்து நாளும் இப்படிப் பயந்தே போயின. கெடு தாண்டிய பிறகுதான் ஒரு பதில் எழுதினேன். கைப்பட ஒன்பது பக்கம்; அதைத் தட்டச்சில் அடிக்க வேண்டும். ராஜபாளையத்திலும் கோர்ட்டு உண்டு, அங்கே தட்டச்சு செய்பவர்களும் உண்டு. தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று ஆடி 20, திங்கட்கிழமை, பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். இரண்டு நாளில் ஆண்டாள் தேர்; ஊரெல்லாம் கடைகள் முளைத்திருந்தன. கோர்ட்டுக்கு எதிரே தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து மனு அடித்துக் கொடுக்கும் ஒரு பெண்மணியை அந்தப் பக்கம் எல்லோரும் டைப் அக்கா என்பார்கள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். பக்கத்தில் போன பிறகுதான், அவரும் என்னைத் தெரிந்தவர் என்பது உறைத்தது.

சில வருடங்களுக்கு முன் சுந்தரபாண்டியம் பக்கத்துக் கண்மாய் மதகைச் சீர்செய்யக் கோரி கலெக்டருக்கு ஒரு மனு அடிக்க அவரிடம்தான் போயிருந்தேன். கண்மாய் உடைந்த பழைய தேதி ஒன்று அதில் தப்பாக விழுந்திருந்தது. காத்திருந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படி, "தேதிகூடப் பாத்து அடிக்கத் தெரியாதவங்க கோர்ட்டு வாசல்ல எதுக்கு உக்காரணும்?" என்றேன். அவர் புதுத் தாள் செருகி நான்கு பக்கத்தையும் மறுபடி அடித்தார். அதற்குக் கூலி வாங்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

"வாங்க அண்ணாச்சி" என்றார். தட்டச்சு இயந்திரம் போய்க் கம்ப்யூட்டர் வந்திருந்தது. "இன்னிக்கு எந்தத் தேதியத் திருத்தணும்?"

நான் காகிதங்களையும் உறையையும் நீட்டினேன். டீக்கடையிலிருந்து ஒரு வக்கீல் குமாஸ்தா எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, திரும்பவும் கண்மாயா?" என்றார்.

முதல் பக்கத்தில் கண் ஓட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிராமலே, "கண்மாய்தாம்லே. ஒனக்கு என்ன? ஆறதுக்குள்ள டீயக் குடி" என்றார். குமாஸ்தா சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஒன்பது பக்கத்தையும் படித்து முடித்தார். "இம்புட்டும் எதுக்கு? கண்மாய் வரலாறா கேட்டான்? எதுக்குக் கடன் வாங்குனியன்னா கேட்டான்?" என்றார். பிறகு உறையைத் திருப்பி முத்திரையைப் பார்த்தார், என் எழுத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நோட்டீஸ் கெடச்ச தேதின்னு நீங்க எழுதியிருக்கது ஒண்ணு. சீல் சொல்லுதது வேற. பத்து நாள் இடிக்குதே?"

கெடுவுக்குள் பதில் போட்டதாகக் காட்ட, கிடைத்த தேதியை நான் பத்து நாள் தள்ளி எழுதியிருந்தேன். "தபால் தாமதமாத்தான் வந்தது" என்றேன்.

"யாரு கையெழுத்துப் போட்டு வாங்குனது?"

"வீட்ல."

"தேதி போட்டு வாங்குனாவளா?"

தலையாட்டினேன். எங்கள் வீட்டில் பால் கணக்கிலிருந்து பள்ளிக்கூட ரிப்போர்ட் வரை, கையெழுத்துக்குக் கீழே தேதி போடாமல் யாரும் எதையும் கொடுத்ததில்லை. கல்யாணமான புதிதில் நான் பிடிவாதமாகப் பழக்கியது அது.

"அப்ப அவிய கையெழுத்துப் போட்ட ஒப்புகை அட்டை வக்கீலுகிட்ட திரும்பிப் போயிருக்கும்லா. நாளைக்குக் கேஸுன்னு வந்தா அவிய போட்ட தேதி பொய்யின்னு சொல்லுவியளா? ஒங்க பொண்டாட்டியவா சாட்சிக்கூண்டுல ஏத்தப் போறிய?" என்று கேட்டார் அக்கா. அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவரே அரைப் பக்கத்தில் அடித்தார். நோட்டீஸ் இன்ன தேதியில் கிடைத்தது, பதில் தாமதமானதற்கு வருந்துகிறேன், தொகை எப்படி இவ்வளவானது என்று முழுக் கணக்கு அனுப்புங்கள், மாதத் தவணையில் கட்ட வழி செய்யுங்கள், வழக்கைத் தவிருங்கள். அடிக்கும்போது ஒரே ஒருமுறை நிறுத்தினார். என் எழுத்தில் இருந்த கார்டு எண்ணைக் காட்டி, "இது ஒண்ணா, ஏழா?" என்று கேட்டார். ஏழு என்றேன். "கையெழுத்துப் போடுறதுக்கு முந்தி ஒரு வக்கீல்ட்ட காட்டிக்கிடுங்க. வீட்லயும் சொல்லிருங்க. அமீனா வந்து சொல்லுததுக்கு நீங்க சொல்லுதது நல்லதுல்லா" என்றார். எல்லோரிடமும் வாங்கும் கூலியைத்தான் என்னிடமும் வாங்கினார்.

அன்று சாயங்காலம் சொன்னேன். மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. நான் முடித்ததும் பரணைப் பார்த்தாள். "அப்ப கண்மாய் விஷயம்னு சொன்னதும் சரிதான். பொய்யக்கூட முழுசாச் சொல்லத் தெரியல ஒங்களுக்கு" என்றாள். தேதியை மாற்றி எழுதியிருந்ததையும் சொன்னேன். அப்போதுதான் முறம் நின்றது. "தபால்காரரு கையெழுத்து மட்டும் போதும்னாரு. நாந்தான் தேதியும் போட்டேன். நீங்க வைவியன்னு" என்றாள்.

அவள் சொன்னபடி இரண்டு கார்டையும் அவள் கையிலேயே கொடுத்தேன். வக்கீல் ஒருவர் பார்த்துச் சரி என்ற பிறகு பதில் போனது. கணக்கு வந்தது, தவணைக்கும் சம்மதித்தார்கள். இன்றுவரை அமீனா வரவில்லை. ஒவ்வொரு தவணையின் ரசீதிலும் மனைவியும் கையெழுத்துப் போடுகிறாள், தேதியோடு. பரணில் இருந்த கட்டுகளை நான்தான் இப்போது இறக்கி ஏற்றுகிறேன்.

போன மாதம்தான் அந்த ஆடி 3-ஆம் தேதிப் பதிவைத் திருத்தினேன். பழைய வாக்கியத்தை அடிக்கவில்லை. கீழே, "மேற்படி தவறு. பதிவுத் தபால் ஒன்று வந்தது" என்று எழுதி, திருத்திய தேதியும் போட்டேன். அந்தக் கையோடு, மதகு மனு அடித்த நாளின் பதிவையும் தேடி எடுத்தேன். "தட்டச்சுக்காரர் பிழையால் ஒரு மணி நேரம் வீண்" என்று இருக்கிறது. அந்தக் கண்மாய் உடைந்தது பதினேழாம் தேதி. மனுவில் முதலில் விழுந்தது பதினொன்று. 'ஒண்ணா, ஏழா' என்று அக்கா கேட்டது அப்போது நினைவுக்கு வந்தது. அன்று அவரிடம் நான் கொடுத்த கைப்பிரதியில் அந்த எண் எப்படி இருந்தது என்று பார்க்க வீடு முழுக்கத் தேடினேன். தட்டச்சு செய்த மனுவின் நகல் இருக்கிறது, கலெக்டர் அலுவலக ரசீது இருக்கிறது. கைப்பிரதி கிடைக்கவில்லை. அதனால் அந்தப் பதிவின் ஓரத்தில் பென்சிலால் இதை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்: "பிழை யாருடையது என்பது சரிபார்க்கப்படவில்லை."