பொங்கல் பானையும் சிவப்பு வண்டியும்

பள்ளியைப் பாதியில் விட்டு ஊர் ஊராகத் திரிந்த எனக்கு ஒழுங்காகத் தெரிந்த ஒரே சரித்திரம், ஆக்லாந்துக்குத் தெற்கே, பாபகூராவையும் தாண்டி நாங்கள் குடியிருந்த சிற்றூரின் தீயணைப்புப் படையினுடையது. ஒருகாலத்தில் கடைத்தெரு முழுக்க எரிந்துபோனதாம். சாம்பல் ஆறும் முன்னே இறைச்சிக் கடைக்காரரும் கொல்லரும் ஒரு கைவண்டியோடு படையைத் தொடங்கினார்களாம். அன்றுமுதல் சம்பளமில்லாமல் ஊர்க்காரர்களே நெருப்பணைக்கிறார்கள். நிலையச் சுவரில் அத்தனை பேருடைய படமும் தொங்கும்.

இதையெல்லாம் சொன்னது மாமா, அம்மாவின் தம்பி. கோழித் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே படையில் பயிற்சி பெற்றுவந்தார். அந்தக் கொல்லரின் கதையைத் தன் பூட்டனாரின் கதைபோலச் சொல்லுவார். பயிற்சி முடிந்தால் அவருடைய படமும் சுவரில் ஏறும். அகதி முகாம்களில் அடையாள அட்டைக்கு மட்டுமே படமெடுத்த மனிதருக்கு அது பெரிய ஆசை.

பொங்கல் அங்கே கடுங்கோடையில் வரும். புல் காய்ந்து கிடக்கும். வெளியில் நெருப்பு மூட்டத் தடை. அந்த வருடம் தடையை வீடு வீடாகச் சொல்லிவர மாமாவைத்தான் அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன்.

பொங்கலன்று காலை அம்மா வீட்டுப் பின்வளவில் கல் கூட்டி விறகு மூட்டினார். முகாமை விட்டு வந்தபின் அவர் வைத்த முதல் பானை. பால் ஆவிவிடத் தொடங்கியபோது நிலையத்துச் சைரன் ஊதியது. மாமா வேட்டியோடு ஓடினார். கொஞ்ச நேரத்தில் சிவப்பு வண்டி எங்கள் வாசலிலேயே வந்து நின்றது. பக்கத்து வீட்டார் புகையைக் கண்டு அழைத்திருந்தார்கள். முதலில் இறங்கியவர் மாமா. முழுச் சீருடை, இடுப்பில் வேட்டிக்கரை எட்டிப் பார்த்தது.

“பொங்கி முடியட்டுமடா,” என்றார் அம்மா.

“ஏலாது அக்கா. உடுப்புப் போட்டிட்டன்.”

தண்ணீரை ஊற்றி அணைத்தார். அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மாட்டுப்பண்ணை வைத்திருந்த படைத்தலைவி, யார் வீடு என்று கேட்டார். தன் வீடுதான், தடையும் தெரியும் என்றார் மாமா. படம் போயிற்று என்று எனக்கு அழுகை வந்தது.

தலைவி பானையை எட்டிப் பார்த்தார். பால் வழிந்தால்தான் வருடம் நல்லபடி தொடங்கும் என்று என் ஆங்கிலத்தில் விளக்கினேன். பால்காரியான தனக்கு அதைப் பாதியில் விட மனமில்லை என்று அவர் சொல்ல, அம்மா பானையை மடியில் வைத்துக்கொண்டு சிவப்பு வண்டியில் ஏறினார். நிலையத்துக் காஸ் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அம்மா சொல்லிக்கொடுத்தபடி படை முழுவதும் “பொங்கலோ பொங்கல்” என்று கத்தியது.

தண்டனையும் இருந்தது. மாமாவின் படம் இன்னொரு கோடை காத்திருந்துதான் சுவரேறியது.

ஊரெல்லாம் சொன்னவர் எங்கள் வீட்டில் மட்டும் சொல்ல மறந்தாரே என்று அவருடைய மறதியை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். அந்தப் பொங்கலன்று விடியவே எழும்பி, வளவுப் புல்லை நனைத்து, கல்லுக்குப் பக்கத்தில் வாளிகளை நிரப்பி வைத்தவரும் அவர்தான். எதற்கு என்று கேட்டேன்.

“கோலத்துக்குத் தெளிக்க,” என்றார்.

அம்மா ஏற்கெனவே கோலம் போட்டு முடித்திருந்தார். அதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை.