நிற்கிற மீன்

எழுதுவதற்கு உனக்கு என்ன தகுதி என்று கேட்டால் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பன்னிரண்டாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ஆஸ்பத்திரி டோக்கனும் உரக்கடை பில்லும்தான். நான்கு பேர் நடுவில் வாயைத் திறந்தால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவன் உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்க வேண்டும். கோபம் வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய கோபம். போன செவ்வாய்க்கிழமைதான் வந்தது.

மகளின் குழந்தைக்குச் சளி. அரியலூரில் நான் முன்பு வேலை பார்த்த குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போயிருந்தோம். அங்கே ஒன்பது வருடம் டோக்கன் கூப்பிட்டவன் நான். உள்ளே போனதும் ஸ்பிரிட் வாசனையும் குழந்தைகளின் எச்சில் பிஸ்கட் வாசனையும் கலந்து வந்தது. அது மாறவில்லை. மருந்துக் கவுண்டருக்கும் தூணுக்கும் நடுவே ஒன்றரை அடி சந்து ஒன்று உண்டு. அந்தச் சந்தில் இப்போது ஒரு டிவியை நெட்டுக்குத்தலாக மாட்டியிருந்தார்கள். அதில் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன.

என்ன மீன்கள் என்று கேளுங்கள். ஏஞ்சல் மீனும், தலையில் கொண்டை வைத்த ஃப்ளவர்ஹார்னும் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. அவற்றுக்கு நடுவில் விரல் நீளம்கூட இல்லாத நியான் மீன்கள் கூட்டமாகப் போகின்றன. கடல் மீன் ஒன்று வேறு குறுக்கே வந்தது. யாரும் யாரையும் தொடவில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. மகளிடம், இதெல்லாம் ஒன்றாக இருக்கவே இருக்காது, பொய் என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"டிவிதானப்பா. உக்காருங்க" என்றாள் மகள். உட்கார்ந்தேன். எனக்கு உட்காரத்தான் தெரியும்.

அந்தச் சந்தில் முன்பு கண்ணாடித் தொட்டி இருந்தது. ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், மூன்று அடி உயரம். இடம் அவ்வளவுதான் என்பதால் மேல்நோக்கிக் கட்டினார்கள். ஊசி போடும் அறைக்குப் பக்கத்தில் குழந்தைகள் அழாமல் இருக்க ஏதாவது வேண்டும் என்று டாக்டரம்மா கேட்டார். உள்ளே என்ன விடுவது என்பதை என்னிடம் விட்டுவிட்டார். வேறு ஆள் இல்லை, அதனால்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தீபாவளிக்குக் கலந்த ஸ்வீட் வாங்குவதுபோல மீன் வாங்கினேன். அதில் இரண்டு, இதில் நாலு. கட்டைவிரல் அளவில் இரண்டு ஆஸ்கர், வரிபோட்ட டைகர் பார்ப் ஆறு, பளபளவென்று நியான் பத்து, கண்ணாடியைச் சுத்தம் பண்ணும் என்று சொல்லி ஒரு சக்கர். இரண்டு மாதத்தில் ஒரே ஒரு ஆஸ்கர் மிச்சம். என் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்து, தீனி போடும் விரலையும் ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தது. மீதி மீனெல்லாம் எங்கே என்று ஒரு சிறுமி கேட்டாள். ஊருக்குப் போயிருக்கு என்று சொன்னேன். எப்ப வரும் என்றாள். டோக்கன் கூப்பிடுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் நர்ஸ் ஒருத்திதான் மெகராக்காவைப் பற்றிச் சொன்னாள். பெரம்பலூரில், வேப்பந்தட்டை போகும் பக்கம், வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுக் கிணற்று உறைகளில் மீன் வளர்த்து விற்றவர். கடை கிடையாது, போர்டு கிடையாது. என் வயதுதான் இருக்கும், ஆனாலும் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நான் போய்த் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி தலையக் குனிஞ்சிக்கிட்டு நிக்கிறீங்களே. மீனு அங்க இருக்கு" என்றார். பிறகு தொட்டி எப்படி என்று கேட்டார். கையை மேலும் கீழுமாகக் காட்டினேன். ஓடுகிற மீனுக்கு நீளம் வேண்டும், உங்கள் தொட்டியில் ஓட இடமில்லை, நிற்கிற மீனாகத்தான் விட வேண்டும் என்றார். ஒரு உறையைக் காட்டினார். சட்டைப் பொத்தான் அளவில் ஏஞ்சல் குஞ்சுகள், மேலும் கீழும் துடுப்பை நீட்டிக்கொண்டு, யாரோ தண்ணீரில் தொங்கவிட்டதுபோல நின்றன.

ஆனால் மீன் கொடுக்கவில்லை. உங்கள் தொட்டித் தண்ணீரில் ஒரு கேன் கொண்டு வாருங்கள் என்றார். அதுதான் அவர் வழக்கம். யார் தொட்டிக்குப் போகிறதோ அந்தத் தொட்டித் தண்ணீரில் மீனை நான்கு நாள் தன் வீட்டிலேயே வைத்துப் பார்ப்பார். தீனி எடுத்தால்தான் தருவார். அரியலூர்த் தண்ணீர் உங்களுக்குத் தெரியும். பூமிக்கு அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல். ஆஸ்பத்திரியில் கத்தரி, இடுக்கி கொதிக்கவைக்கும் பாத்திரத்தில் வாரத்துக்கு ஒருமுறை வெள்ளைப் பொருக்கைச் சுரண்டி எடுப்போம். வெளியூர் ஏஞ்சல் இந்தத் தண்ணீரில் நிற்காது, என் உறையில் பிறந்தது நிற்கும், ஆனாலும் பார்த்துவிடலாம் என்றார்.

இருபது லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் கேனைத் தட்டிப் பார்த்தார். "பெரம்பலூர்ல தண்ணிக் கஷ்டமா, இல்ல பொண்ணு வூட்டுக்குச் சீரா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்கு வியர்த்துவிட்டது. இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு.

ஐந்தாம் நாள் ஆறு ஏஞ்சல் குஞ்சுகள் கொடுத்தார். ஜோடியாகக் கேட்டேன். "ஜோடிய நாம சேக்க முடியாதுங்க. ஆறையும் ஒண்ணா வளத்துங்க. அதுவா ரெண்டு பிரிஞ்சி ஒரு மூலையப் புடிக்கும். மிச்சத்த எங்கிட்ட கொண்டாந்துடுங்க." கூட விட என்ன என்று கேட்டதற்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். நியான் வேண்டாம், ஏஞ்சல் வளர்ந்தால் தின்றுவிடும். டைகர் பார்ப் வேண்டாம், அந்த நீளத் துடுப்பைக் கடித்தே கந்தலாக்கும். பெரிய சக்கர் வேண்டாம், தூங்கும் மீனின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வழவழப்பை உறிஞ்சும். கறுப்பு மோலி நாலு விடலாம், சுண்ணாம்புத் தண்ணீர் அதற்கு விருந்து. அடியில் மேய கோரி என்ற குட்டிக் கெளுத்தி நாலு, அதற்குமேல் தரை இல்லை. ஆஸ்கரை அவரே வாங்கிக்கொண்டார். ஏஞ்சல், ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன் மூன்றும் சிச்லிட் என்ற ஒரே குடும்பம் என்று அவர் சொல்லித்தான் தெரியும். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஆமா, எல்லாம் சொந்தக்காரங்கதான். அதான் இந்த அடி அடிச்சிக்கிதுங்க. அந்தக் கொண்டக்காரன் இருக்கானே, ஃப்ளவர்ஹார்னு, அவன் நெழலு கூடவே சேர மாட்டான். யாரு குடுத்தாலும் அந்தத் தொட்டில வுட்டுடாதீங்க."

அவர் சொன்னபடியே நடந்தது. ஒரு வருடத்தில் இரண்டு மீன்கள் ஒரு பக்கமாக ஒதுங்கின. மற்ற நான்கைத் திருப்பிக் கொடுத்தேன். உடைந்த பள்ளிக்கூட சிலேட்டு ஒன்றைக் கொடுத்து, கண்ணாடியில் சாய்த்து வைக்கச் சொன்னார். அதில் முட்டை இட்டன. மறுநாளே தின்றுவிட்டன. போனில் சொன்னதற்கு, மொதல்ல அப்படித்தான், திட்டாதீங்க என்றார். நான்கு தடவை அப்படியே ஆனது. ஐந்தாம் தடவை தின்னவில்லை. இரண்டும் மாறி மாறி சிலேட்டுக்கு முன்னால் நின்று துடுப்பால் விசிறின. மூன்றாம் நாள் முட்டைகள் வால் முளைத்துத் துடித்தன. கீழே விழுந்த ஒன்றை அம்மா மீன் வாயில் எடுத்து மறுபடி சிலேட்டில் ஒட்டவைத்ததை நான் பார்த்தேன். நான் மட்டுமில்லை, ஹாலே பார்த்தது. ஊசி அறையிலிருந்து அழுதுகொண்டே வருகிற குழந்தை அந்தக் கண்ணாடிக்கு முன்னால் வந்ததும் நிறுத்தும். மூக்கு வடிய நின்று பார்க்கும். எந்தக் குழந்தையையும் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகியதில்லை. ஆனால் அந்த வாரம் எல்லாரும் என்னிடம் பேசினார்கள். இன்னும் மூன்று நாளில் குஞ்சு நீந்தும் என்று எல்லாருக்கும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் அதிகம் பேசிய வாரம் அதுதான்.

முட்டை பொரித்த மறுநாள் காலை மேனேஜர் வந்தார். டாக்டரம்மாவின் மருமகன். மாடியில் புதிதாக ஸ்கேன் மிஷின் வைத்திருந்தார்கள், அன்று திறப்பு, பத்து மணிக்குப் பெரிய ஆட்கள் வருகிறார்கள். அவருக்கு யாரோ ஃப்ளவர்ஹார்ன் ஒன்றைப் பரிசு கொடுத்திருந்தார்கள். சிவப்பு, முக்கால் அடி நீளம், தலையில் எலுமிச்சம்பழம்போலக் கொண்டை. வாசலைப் பார்த்து இருந்தால் தொழில் ஓங்கும் என்று வாஸ்துக்காரர் சொன்னாராம். பையை என்னிடம் நீட்டி, உள்ளே விடு என்றார்.

"சேராதுங்க சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

"மீனுக்கும் மீனுக்கும் என்னய்யா சேராது? எல்லாம் தண்ணிக்குள்ளதான கெடக்கு. ரெண்டு நாள்ல அட்ஜஸ்ட் ஆயிடும்."

குஞ்சு பொரித்திருக்கிறது, ஒரு நாள் கொடுங்கள், ஒரு ட்ரம் வாங்கி வந்து இவற்றை மாற்றிவிடுகிறேன் என்றேன். அவர் ஹாலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "பன்னண்டாவது படிச்சிட்டு இவரு மீனுக்கு டாக்டராயிட்டாரு. அம்மாகிட்ட சொல்லி ஒரு ரூம் போட்டுக் குடுத்துடலாமா?" ஹால் சிரித்தது. மேனேஜர் சிரித்தால் கூடச் சிரிக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். முந்தின நாள் என்னிடம் குஞ்சு எப்போது நீந்தும் என்று கேட்டவர்களும் சிரித்தார்கள். அவர்களையும் நான் மன்னிக்கவில்லை.

அதன் பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன். பையைக் கட்டவிழ்க்காமல் தண்ணீரில் இருபது நிமிடம் மிதக்கவிட்டேன், சூடு சமமாகட்டும் என்று. பிறகு பையைத் திறந்து தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ஒரு செதில் உரசாமல் வலையில் எடுத்து உள்ளே இறக்கினேன். மெகராக்கா சொல்லிக்கொடுத்த எதிலும் ஒரு குறை வைக்கவில்லை. கொல்ல வந்தவனுக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுத்து உள்ளே அனுப்பினேன்.

மோலிகள் ஓடி மேலே போய்விட்டன. கோரிகள் கல்லுக்குப் பின்னால் ஒளிந்தன. ஏஞ்சல் இரண்டும் ஓடவில்லை. மூன்று அடி உயரம் இருந்தது, மேலே போயிருக்கலாம். சிலேட்டை விட்டு நகரவில்லை. தன்னைப்போலப் பத்து மடங்கு எடை உள்ளதை எதிர்த்து அந்தத் தட்டை உடம்பு முன்னால் வந்து இடித்தது. இடித்துவிட்டு மறுபடி போய் சிலேட்டுக்கு முன்னால் நின்றது. குஞ்சுகளை அந்தக் கொண்டைக்காரன் ஒரே வாயில் வழித்த பிறகும் இரண்டும் நின்றன. ஆண்டிமடம் பக்கத்திலிருந்து மாதாமாதம் வருகிற ஒரு தாய் தன் குழந்தையின் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஏங்க, நீங்க வளத்ததுதான? பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே."

நான் "பதினேழு" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

பெண் மீன் அன்று பகல் செத்தது. ஆண் மீன் மேல் மூலையில் ஒரு பக்கத் துடுப்போடு நின்றது. சாயங்காலம் மேனேஜர் வீட்டுக்குப் போன பிறகாவது அந்த ஆண் மீனை வெளியே எடுத்திருக்கலாம். ஹாலில் கேமரா இருந்தது, அவர் போனில் பார்ப்பார். ஒரு வாளி, ஒரு வலை, இரண்டு நிமிட வேலை. எடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து டாக்டரம்மா, அந்த நிக்கிற மீன் எங்க என்று கேட்டபோது மேனேஜரே முந்திக்கொண்டு, இவனுக்கு வளர்க்கத் தெரியவில்லை என்றார். அதற்கும் நின்றேன்.

மேனேஜர் மேல் கோபம் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் உண்மைதான், இன்று பார்த்தாலும் அந்த முகத்தில் என்னால் விழிக்க முடியாது. ஆனால் பரிசாக வந்த அந்த ஃப்ளவர்ஹார்ன் மேல்கூட அவருக்கு அக்கறை இல்லை. ஓட இடமில்லாத அந்தத் தொட்டியில் அது நான்கு மாதம் கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்து செத்தது. நான் கோபப்பட வேண்டிய ஆள் பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டவன்தான்.

தொட்டியைப் பிறகு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். டாக்டரம்மா இப்போது இல்லை. மெகராக்காவுக்கு நான் கடைசிவரை சொல்லவில்லை. அந்தத் தெருப் பக்கமே போகாமல் பெரம்பலூரில் சுற்றுப் பாதையில் நடந்தேன். அவர் வீட்டை இடித்துவிட்டு மாடி வைத்த கடைகள் கட்டியிருக்கிறார்கள். திருச்சியில் மகள் வீட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள். மீன் இப்போது பார்சலில் வருகிறது. உன் தண்ணீரைக் கொண்டு வா, நான்கு நாள் பார்க்கிறேன் என்று சொல்ல இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. டிவிக்குத் தண்ணீரே வேண்டாம். அதில் எல்லாம் அட்ஜஸ்ட் ஆகிவிட்டன.

அன்று, ஸ்கேன் திறப்புக்கு மறுநாள் காலை, ஏழரைக்கு ஆஸ்பத்திரியைத் திறந்தேன். ஆண் மீனும் செத்திருந்தது. சிலேட்டை எடுத்துக் கழுவி வெயிலில் வைத்தேன். ஒன்பதரைக்கு முதல் டோக்கனைக் கூப்பிட்டேன்.