வில்லன் பதறிய கேசட்

இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் நான் வேலை பார்த்த காலம். ஞாயிறு மதியம் பக்கத்து வீட்டு அன்னம் அக்கா வீடியோ டெக்கில் இங்கிலீஷ் விண்வெளி சீரியல் போடுவார். அதில் இரும்பு முகமூடி வில்லன் அடிக்கிற அடிக்கு நாங்கள் நடுங்குவோம்.

ஒருநாள் அக்காவின் தம்பி சிங்கப்பூரிலிருந்து வேறொரு கேசட் அனுப்பினான். படப்பிடிப்பில் நடந்த தப்புகளை மட்டும் ஒட்டிவைத்தது. வில்லன் கை தவறி, கதாநாயகனை நிஜமாகவே அறைந்துவிட்டான். உடனே முகமூடியைக் கழற்றி எறிந்து, பதறிப்போய் அவன் கன்னத்தைத் தடவி ஏதோ கேட்டான். வலிக்கிறதா என்றுதான் கேட்டிருப்பான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"நாலு பேரு முன்னாடி என்னட்டி இளிப்பு?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் என்னை அறைந்தார். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. மறுபடி ஓங்கிய கையில் அன்னம் அக்கா உலக்கையால் போட்டார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"ஏலே, இனி அவளைத் தொட்டே, மத்த கையும் போயிரும்!"

என் காயங்களுக்கென்று வாங்கி வைத்திருந்த பேண்டேஜை எடுத்துவந்து கணவரின் முறிந்த கையில் சுற்றினேன்.

"ரொம்ப வலிக்குதா?"

என்னிடம் அவர் ஒருநாளும் கேட்காத கேள்வி. கேட்டுவிட்டுச் சிரித்தேன். உதடு எரிந்தது. நிறுத்தவில்லை.