விண்டோஸ் 95 போடுவதா, விடுவதா?

போன செவ்வாய்க்கிழமை முழுவதும் மேசையில் பதின்மூன்று புளொப்பித் தட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் நிவாரணச் சங்கத்தின் செயலாளர் நேசன் வவுனியாவிலிருந்து கொண்டுவந்த விண்டோஸ் 95 அது. சோதனைச் சாவடியில் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்களாம். உள்ளே என்ன தெரிந்திருக்குமோ!

ஸ்கந்தபுரத்தில் இருக்கும் எங்கள் கொம்பியூட்டர் கிழடு. சண்டையில் கிளிநொச்சியை விட்டு ஓடும்போது பாய், பானையைக் கைவிட்டு, அதை உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்தோம். மண்ணெண்ணெய் ஜெனரேட்டர் இருமி இருமிக் கொடுக்கும் மின்சாரத்தில் இன்றும் விண்டோஸுக்கு முந்திய டொஸ்ஸில்தான் ஓடுகிறது. அதற்குள் இருப்பவை இடப்பெயர்வில் காணாமல்போனவர்களின் விபரங்கள். பெற்றவர்கள் சொல்லச் சொல்ல நான் தமிழில் அடித்தவை.

ஆட்களைத் தேடித்தரும் கொழும்பு அலுவலகம் இனிமேல் புது விண்டோஸில் அடித்த படிவத்தைத்தான் எடுக்குமாம். எங்கள் டிஸ்க்கில் பழையதும் புதியதும் சேர்ந்திருக்க இடமில்லை. பழையதை அழித்தால், ஒரு நண்பர் வீட்டிலிருந்தே செய்து தந்த தமிழ் எழுத்துருவும் போய்விடும். விபரங்களைப் புளொப்பியில் காப்பாற்றி வைத்தாலும், புதியதில் திறந்தால் வெறும் கோடும் புள்ளியும்தான். அச்சடித்து வைக்கலாமென்றால், பிரின்டருக்கு ரிபன் தீர்ந்து மாதக்கணக்காகிறது.

மாற்றாவிட்டால் விபரம் கொழும்புக்குப் போகாது. மாற்றினால்... இருப்பதும் போய்விடலாம். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

எனக்குப் பயம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

"கொப்பியிலை எழுதிப்போட்டு அழியுங்கோவன்," என்றார் நேசன். "எவ்வளவு நாளைக்கு இதைக் கட்டிக்கொண்டு இருக்கப்போறியள்?"

சரியென்று இருவரும் திரையைப் பார்த்துக் கொப்பியில் எழுதத் தொடங்கினோம். எழுதியதை உரியவர்களைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவதென்றும் முடிவு. ஒரு எழுத்துப் பிழைத்தாலும் பிள்ளையை எப்படித் தேடுவது?

வியாழக்கிழமை மாரியம்மா வந்தார். மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர். வயலில் கூலிக்குக் களை பிடுங்குகிறார். ஓடிவந்த நெரிசலில் மகளைத் தவறவிட்டு இரண்டு வருடம். அவருக்கு வாசிக்கத் தெரியாது. மகளின் படம் ஒன்றுகூடக் கையில் இல்லை. அந்தப் பிள்ளை எப்படி இருப்பாள் என்று சொல்ல, எங்கள் கொம்பியூட்டரில் உள்ள ஆறு வரிதான் மிச்சம்.

வாசித்தேன். பெயர், சரி. இடது புருவத்தில் தழும்பு, அதுவும் சரி. வயது ஒன்பது என்றதும் நிறுத்தச் சொன்னார்.

"இப்ப பதினொன்னுங்க, ஐயா. மாத்திடுங்க."

வெட்டிவிட்டுப் பதினொன்று என்று எழுதினேன். அடுத்தது உயரம். தன் இடுப்பில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு அதை மெல்ல நெஞ்சுவரை உயர்த்தினார். அந்த உயரத்தையே எழுதினேன். ஜெனரேட்டரைப் பார்க்கப் போவதுபோல நேசன் எழுந்து வெளியே போய்விட்டார்.

பழைய விபரம் அழிந்துவிடுமே என்று மூன்று நாளாகத் தவித்தேனே... அது எப்போதோ பழசாகிவிட்டது. தாய்க்கு அது தெரிந்திருக்கிறது. தினமும் திரையைப் பார்க்கிற எனக்குத்தான் தெரியவில்லை.

கடைசி வரி: காணாமல்போன அன்று மஞ்சள் சட்டை.



"அத எடுத்துடுங்க, ஐயா. இப்ப அவளுக்குப் பத்தாது."

மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டி முடித்து, நேற்றுப் பழையதை அழித்து விண்டோஸ் போட்டோம். முதல் படிவம் மாரியம்மாவின் மகளுடையது. 'உடை' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.