எட்டுப் பொட்டலம் விபூதி

எங்கள் வீட்டில் வயசுப்பெண் சாயங்காலம் வெளியே போவதற்கு ஒரே ஒரு காரணம்தான் செல்லுபடியாகும். சினிமா என்றால் அப்பா முறைப்பார். தோழி வீடு என்றால் அம்மா கேள்வி மேல் கேள்வி கேட்பாள். மலை சுற்றப் போகிறேன் என்றால் மட்டும் இரண்டு பேரும் வாசல் வரை வந்து வழியனுப்புவார்கள். எழுபதுகளின் கடைசியில் எனக்கு இருபது வயது. பி.யூ.சி. முடித்துவிட்டு, காலையில் இன்ஸ்டிட்யூட்டில் டைப் அடித்துக்கொண்டு, மற்ற நேரமெல்லாம் கல்யாணத்துக்குக் காத்திருப்பதாக ஊரே நம்பிக்கொண்டிருந்த காலம்.

மலையைச் சுற்றிவரப் பதினாலு கிலோமீட்டர். வெறுங்காலோடு நடந்தால் மூன்றரை மணி நேரம் ஆகும். நானும் பக்கத்து வீட்டுத் தோழியும் நாலு மணிக்குக் கிளம்பி ஏழரைக்குத் திரும்புவோம். நடுவில் நாங்கள் சுற்றியது மலையை அல்ல. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் இருந்த அரை மைலைத்தான் சுற்றினோம்.

அந்த அரை மைலுக்கு மூன்றரை மணி நேரம் போதாது. மாமரத்தடியில் ஒரு தாடிக்கார வெள்ளைக்காரர் புல்லாங்குழல் பழகினார். மூன்று மாதமாக ஒரே சுரம். மாடி வீடொன்றில் யாரோ வீணை வாசிப்பார்கள். ஆள் யாரென்று கடைசிவரை தெரியாது, ஆனால் தப்பு விழும் இடம் எங்களுக்கு மனப்பாடம். அது வருவதற்கு முன்னாலேயே முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்போம். தையல்காரர் ஒருவர் போர்வைத் துணியில் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தொளதொளவென்று பைஜாமா தைத்துக் கொடுப்பார். எங்கள் வீட்டுக் கட்டிலில் கிடந்த அதே ரோஜாப்பூப் போர்வை ஒருநாள் ஒரு ஜெர்மன்காரரின் இடுப்பில் ரோட்டைக் கடந்து போனது. சிற்பி ஒருவர் எங்களை உட்காரவைத்து மாக்கல் நந்திகளுக்கு உப்புத்தாள் தேய்க்கச் சொல்வார். நான் மூக்கு தேய்த்த நந்திகள் இன்றைக்கும் எந்தெந்த நாட்டு அலமாரியிலோ இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஓவியக்கார அம்மாள். பிரான்ஸ் என்று நினைக்கிறேன். வாடகை அறையின் வாசலில் ஸ்டூல் போட்டு தினமும் மலையையே வரைவாள். ஒருநாள் நீலம், ஒருநாள் செங்கல் நிறம், ஒருநாள் கத்திரிப்பூ. இன்றைக்கு என்ன கலர் என்று நாங்கள் பந்தயம் கட்டுவோம். தோற்றவள் வேர்க்கடலை வாங்க வேண்டும். கடைசியில் டீக்கடை பெஞ்சு, மிளகாய் பஜ்ஜி.

திருட்டுத்தனம் என்றாலும் அதிலே ஒழுங்கு வேண்டும் அல்லவா. சுற்று வழியில் எட்டு லிங்கங்கள் உண்டு. எட்டு இடத்து விபூதியும் வந்தாக வேண்டும் என்று அம்மா எதிர்பார்ப்பாள். நாங்கள் பக்கத்திலிருந்த எமலிங்கத்தில் ஒரு பிடி அள்ளி, டைப் அடித்துப் பழகிய தாளைக் கிழித்து எட்டாக மடிப்போம். இந்திர லிங்கம், அக்னி லிங்கம் என்று ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் எழுதுவேன். பிறகு வந்த வழியே திரும்பி, ஊருக்குள் சந்து சந்தாகப் புகுந்து, சுற்றி முடித்தவர்கள் வரும் வடக்குப் பக்கமாக எங்கள் தெருவுக்குள் நுழைவோம். நுழையும் முன் காலில் கொஞ்சம் மண்ணைப் பூசிக்கொள்வோம்.

அம்மா வெந்நீரில் உப்புப் போட்டுத் தயாராக வைத்திருப்பாள். களைக்காத காலை அதில் வைக்கும்போது மனசு உறுத்தும். ஒரு நிமிஷம்தான். பிறகு சுகமாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை மட்டும் எங்களுக்கு விடுமுறை. அன்றைக்கு அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் மலை சுற்றப் போவார். வீட்டுக்கு ஒருத்தர் போனால் போதும் என்பது அவர் கட்டளை. வயிற்றுப்புண்காரர், வீட்டில் மோர்ச்சாதமும் மிளகாய் போடாத கூட்டும்தான். அந்த உடம்போடு வாராவாரம் இவ்வளவு தூரம் நடக்கிறாரே என்று அம்மாவுக்கு ஒரே பெருமை.

ஒரு புதன்கிழமை தோழிக்குக் காய்ச்சல். தனியாக அனுப்ப முடியாது, நீங்கள் கூடப் போங்கள் என்று அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டாள். ஆபீஸ் வேலை ஜாஸ்தி, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அப்பா இழுத்தார். அம்மா விடவில்லை.

அப்பாவுக்கு இரண்டடி பின்னாலேயே நடந்தேன். அந்த அரை மைலில் யாராவது ஒருத்தர் வாயைத் திறந்தால் என் சாயங்காலங்கள் முடிந்தன. அது போய்விட்டால் எனக்கு மிச்சம் டைப்ரைட்டரும் அடுப்படியும்தான். ஓவியக்கார அம்மாள் தூரத்திலேயே தூரிகையை ஆட்டினாள். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். அப்பா ஏன் தலையைக் குனிந்தார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

டீக்கடைக்காரர் வெளியே வந்தே விட்டார். ஆனால் அவர் பார்த்தது என்னை இல்லை.

"வாங்க சார். நேத்துதான வந்தீங்க, இன்னிக்கும் வந்துட்டீங்க?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, உன் ஜோடிய காணோம்?" என்றார். எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "சார், இது உங்க பொண்ணா? ரெண்டு பேருமே சொல்லவே இல்லியே."

அப்பாவின் வழக்கமான தட்டு அதற்குள் பெஞ்சுக்கு வந்துவிட்டது. ஆறு மிளகாய் பஜ்ஜி. அப்பா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தட்டை என் பக்கம் நகர்த்தினார். ஆளுக்கு மூன்றாகச் சாப்பிட்டோம்.

எமலிங்கத்தில் பழக்க தோஷம், இருவருடைய கைகளும் ஒரே நேரத்தில் காகிதத்தை வெளியே எடுத்தன. என்னுடையது டைப் தாள், அவருடையது ஆபீஸ் தாள். அங்கேதான் எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அப்பா கோபப்பட முயற்சி செய்தார், முடியவில்லை.

"உங்கம்மாவுக்குத் தெரிய வேணாம்," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்னிக்கி ஒரு நாளாவது ஒழுங்கா சுத்திடலாம் வா."

சுற்றினோம். பாதி வழியிலேயே இருவர் காலும் கொப்பளித்துவிட்டது. இன்னும் எவ்வளவு தூரம் என்று ஒரு மாட்டுவண்டிக்காரரிடம் அப்பா கேட்டார். ஆறு வருஷமாக வாராவாரம் மலை சுற்றுகிற மனுஷர்.

வீடு வந்து சேர்ந்தபோது ஒன்பது மணி. அம்மா வெந்நீரைக் கொண்டுவந்து வைத்தாள். நொண்டி நொண்டி வந்த நாலு கால்களையும் வெகுநேரம் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் ரொம்பக் களைச்சிப் போயிருக்கீங்க. நாளைக்கு வீட்ல இருங்க. நான் போயிட்டு வரேன்."

"உன்னால முடியாது," என்றார் அப்பா அவசரமாக.

"ஏன், இத்தினி நாளு நீங்க ரெண்டு பேரும் போவலியா?"

மறுநாள் நாலு மணிக்கு அம்மா தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு தனியாகப் போனாள். அவள் அப்படித் தனியாக எங்கேயும் போய் நான் பார்த்ததில்லை. நான் ரசம் வைத்தேன், விளக்கேற்றினேன், பாத்திரம் தேய்த்தேன். கடிகாரத்தைப் பார்த்தால் ஐந்தரைதான். செங்கம் ரோட்டில் ஓடியே போகும் மூன்றரை மணி நேரம் அந்த அடுப்படியில் நகரவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. உப்பு வெந்நீரில் கால் வைத்த ஒவ்வொரு நாளும் ஞாபகம் வந்தது.

சரியாக ஏழரைக்கு அம்மா வந்தாள். தினசரி காலண்டர் தாளில் மடித்த எட்டுப் பொட்டலங்களை வரிசையாகப் பிரித்து எங்கள் நெற்றியில் வைத்தாள். எட்டும் ஒரே வெள்ளை. எட்டாவது தாளில் எண்ணெய்க் கறை. முந்தானை ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட்.

நான் போட்டு வைத்திருந்த வெந்நீரில் காலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். காலில் ஒரு பொட்டு மண் இல்லை. பூசிக்கொள்ளக்கூட அவள் மெனக்கெடவில்லை. அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கி மலை என்ன கலரும்மா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"மஞ்ச," என்றாள் கண்ணைத் திறக்காமல். "செவ்வாக்கெழம உங்கப்பாவுக்கு. வியாழக்கெழம எனக்கு. மத்த நாளெல்லாம் நீயே வெச்சிக்கோ."