மேல்வீட்டு டிஸ்கோ அல்பம்

கனடாவில், எங்கள் ஸ்காபரோ கட்டடத்தில், மேல்வீட்டு ஜமைக்காப் பெண்மணி சனிக்கிழமைகளில் வீடு கூட்டும்போது சோல் பாடகி ஒருத்தியின் பழைய டிஸ்கோ அல்பத்தை முழுதாகப் போடுவார். எங்கள் சீலிங் அதிரும். எத்தனை தரம் சண்டை பிடித்திருக்கிறேன்!

இலங்கையில் யுத்தம் முடிந்த செய்தி வந்ததிலிருந்து மேலே சத்தமே இல்லை.

இன்று லிஃப்டில் கேட்டேன்.

"உங்கள் வீட்டில் சாவு. நான் எப்படிப் பாட்டுப் போடுவது?" என்றார்.

செத்தவீடென்றால் எங்கள் ஊரிலும் அயலில் ரேடியோ பாடாது. யாரும் சொல்லாமலே கடைப்பிடித்திருக்கிறார்.

ஆனால் கடைசிச் சண்டை நடந்த வன்னியிலிருந்த அண்ணாவைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை. அதற்குள் சனம் துக்கம் விசாரிக்க வரத் தொடங்கிவிட்டது.

"எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை. பாட்டைப் போடுங்கள்" என்றேன்.

வீட்டில் அம்மா பதறினார். "உது என்ன வேலை பிள்ளை? சனம் என்ன கதைக்கும்?"

"அண்ணா செத்தவர் எண்டு ஆரம்மா கண்டது? கண்டவை வந்து சொல்லட்டும், பிறகு அழுவம்."

இப்போது மேலே இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் ஓடுகிறது.

துக்கம் விசாரிக்க வருபவர்களே, பாட்டுக் கேட்டால் அப்படியே திரும்பிப் போங்கள். தப்பி வந்தவர்களை அடைத்து வைத்திருக்கும் முகாம்களின் பட்டியல் எதிலாவது அண்ணாவின் பெயரைப் பார்த்தவர்கள் மட்டும் கதவைத் தட்டுங்கள். பலமாகத் தட்டுங்கள், பாட்டுச் சத்தம் கூடுதல்.