'ஆமு'க்குத் தகப்பன் யாரென்று கேட்ட மரியதாஸ்

வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்லூரி லைப்ரேரியன் மரியதாசுக்கு நான் எழுதும் இரண்டாவது அஞ்சலி இது. முதலாவதை அவரே படித்துத் திருத்தித் தந்தார்.

மூன்று வருஷங்களுக்கு முன் தெல்தெனியவில் யாரோ ஒரு மரியதாஸ் காலமானார். சந்தையில் காதில் விழுந்ததை வைத்து, நம்மவர்தான் என்று முடிவுகட்டி, பத்திரிகைக்கு உருக்கமாக எழுதி அனுப்பிவிட்டேன். அச்சான மறுநாள் ஆசிரியர் அறையில் என் கதிரைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார் மரியதாஸ். கையில் பத்திரிகை, அதில் சிவப்பு மையில் பதினொரு திருத்தங்கள். கடைசித் திருத்தம், 'இறந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை.'

"மத்ததெல்லாம் பரவாயில்லைங்க. என்னைய மெலிஞ்ச ஆளுன்னு எழுதியிருக்கீங்களே, அதை எதைப் பாத்து எழுதுனீங்க?" என்று கேட்டார். அவர் அமர்ந்திருந்த கதிரை முனகியது.

ஆகவே சென்ற திங்கட்கிழமை, கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஒருவர் "லைப்ரேரியன் போயிட்டாராம்" என்றபோது நான் அழவில்லை. கண்டியில் இறங்கி, நகரோரத்து மஹய்யாவவுக்கு நடந்துபோய், அவர் வீட்டில் பெட்டியருகே நின்று முகத்தைப் பார்த்தேன். அதன் பிறகே அழுதேன். ஆதாரத்தோடு அழுதேன் என்று அவரே ஒப்புக்கொள்வார்.

அவரை அறிந்த உங்களுக்கு வெள்ளிக்கிழமையின் கடைசிப் பாடத்தை ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. பாடத்திட்டத்தில் இல்லாத பாடம் அது. எந்தப் புத்தகம் எந்த அலுமாரியில் என்று எழுதிய நூலட்டைகளைப் புரட்டி ஒரு புத்தகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி, ஒரே செய்தியை இரண்டு புத்தகங்களில் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பார். தமிழில் அவருக்கு ஒரே ஒரு எதிரி, சொல்லின் வாலில் வந்து ஒட்டிக்கொள்ளும் 'ஆம்'. வந்தாராம், கட்டினாராம், செத்தாராம். யாராவது அப்படிச் சொல்லிவிட்டால், "அந்த ஆமுக்குத் தகப்பன் யாரு?" என்பார். புத்தகத்தின் பெயரும் பக்க எண்ணும் வரும்வரை விடமாட்டார். ஊர் வம்பை வாரந்தோறும் பத்திரிகையில் எழுதும் என்னை அவர் 'ஆமய்யா' என்றுதான் அழைத்தார்.

இப்படிப்பட்டவருக்குக் கல்லூரி அதிபரோடு மோதல் வராமல் இருக்குமா? பரிசளிப்பு விழா தோறும் அதிபர் ஒரு வசனம் சொல்வார். நம் மண்டபத்தை ஒரு தோட்டத்துரை தன் ஆட்களை விட்டுக் கட்டிக் கொடுத்தாராம். அந்தத் துரையின் மகன் நிர்வாகசபை உறுப்பினராக முன்வரிசையில் அமர்ந்து தலையசைப்பார். கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்து படித்த ஹமீத் என்ற இறுதிவகுப்பு மாணவன், அந்த 'ஆம்' எங்கே பிறந்தது என்று தேடப் புறப்பட்டான். கல்லூரியின் பழைய அறிக்கைத் தொகுப்பில் விடை இருந்தது. துரை கொடுத்தது ஒரு வாழ்த்துக் கடிதம். ஆற்றிலிருந்து கல் சுமந்துவந்து மண்டபத்தை எழுப்பியவர்கள் மஹய்யாவ மக்கள். இதை வைத்து ஹமீத் எழுதிய கட்டுரையை மரியதாஸ் நூல்நிலையக் கதவில் ஒட்டினார்.

அதிபர் அவரைக் கூப்பிட்டார். கட்டுரையைக் கிழித்துப்போட்டு, துரையின் மகனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் வகுப்பும் இல்லை, வேலையும் இல்லை என்றார். அந்த வேலையை நம்பி மரியதாஸ் வீட்டில் ஐந்து பேர் இருந்தார்கள். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். சுவரிலிருந்த தேசப்படத்தில் ஆபிரிக்காவின் நதிகளை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"இது தப்புன்னா வேற பக்கத்தைக் காட்டுங்க, நானே கிழிச்சிர்றேன்" என்றார் மரியதாஸ். "சத்தம் போடுறது பக்கம் ஆகாதுங்க."

சாவிக்கொத்து பறிபோனது. மாத முடிவோடு வேலை இல்லை என்று கடிதமும் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை, பூட்டிய நூல்நிலையத்தின் படிக்கட்டில் வகுப்பு நடந்தது. நூலட்டைகள் முழுவதையும் பிஸ்கட் தகரங்களில் அடைத்து வெளியே கொண்டுவந்திருந்தார். இது எப்படி என்று கேட்டேன். "சாவியைத்தானே கேட்டாங்க, குடுத்துட்டேன். அட்டையை யாரும் கேக்கலையே, ஆமய்யா."

மாதம் முடிவதற்குள், பள்ளிகளைப் பரிசோதிக்கும் வித்தியாதரிசி வந்து சேர்ந்தார். நூல்நிலையத்தில் ஒரே ஒரு புத்தகத்தைக் கேட்டார். அதிபர் சாவியோடு அலுமாரி அலுமாரியாக ஓடினார். நானும் பின்னால் ஓடி, தவறான புத்தகங்கள் நான்கை வெற்றியோடு எடுத்து வந்தேன். கடைசியில் மரியதாசுக்கு ஆள் போயிற்று. அவர் தகரங்களை மேசைமேல் வைத்தார்.

"எடுத்துக் குடுக்க மாட்டேங்க. அட்டை இருக்கு, அலுமாரி இருக்கு, உங்களுக்குக் கண்ணும் இருக்கு. தேடுங்க, சொல்லித் தர்றேன்."

வித்தியாதரிசி புன்னகையோடு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்துகொண்டார். அரைமணி நேரம் அதிபர் மரியதாசின் மாணவராக இருந்தார். புத்தகம் கிடைத்தது. வித்தியாதரிசி அந்த வகுப்பை எழுத்தில் புகழ்ந்துவிட்டதால், வேலைநீக்கக் கடிதம் திரும்பிப் போனது. மரியதாஸ் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த பரிசளிப்பு விழாவில் அதிபர் பல்லைக் கடித்துக்கொண்டு, "மஹய்யாவ மக்கள் எழுப்பிய மண்டபம்" என்றார். பின்வரிசைகளில் மஹய்யாவ எழுந்து நின்று கைதட்டியது. பிறகு அதே வசனத்தைக் கல்லிலும் வெட்டி மண்டப வாசலில் பதித்தார்கள்.

ஆள் போய்விட்டார், வகுப்பையும் சத்தமில்லாமல் நிறுத்திவிடலாம் என்று இப்போது சிலர் நினைக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை அந்தப் பாடத்தை நான் எடுக்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை மாணவர்கள் இரண்டே வாரத்தில் ஆதாரத்தோடு கண்டுபிடித்துவிடுவார்கள். பாடம் நடக்கிறது என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? நிறுத்துகிறவர்கள் என்னை அந்தப் படிக்கட்டிலிருந்து தூக்கிப் போகட்டும். நானும் மெலிந்த ஆள் அல்ல.

அவருடையதாக என்னிடம் இருப்பது, அவர் வீட்டார் தந்த எலும்புக் கத்தி. அச்சகத்திலிருந்து மடிப்போடு வரும் புத்தகத் தாள்களை அவர் அதைக்கொண்டுதான் வெட்டிப் பிரிப்பார். நேற்று, இதை அச்சுக்குக் கொடுக்குமுன், ஹமீத் கண்ட பக்கத்தை நானும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அந்த அறிக்கைத் தொகுப்பை எடுத்தேன். பக்கம் இருக்கிறது, மஹய்யாவ மக்களும் இருக்கிறார்கள். தொகுப்பின் கடைசித் தாள் மட்டும் இத்தனை வருஷமாக வெட்டப்படாமலே இருந்தது. வெட்டினேன். பிழைதிருத்தம். அதில் மூன்றாவது வரி: 'மஹய்யாவ மக்கள்' என்பதைக் 'கட்டுகஸ்தோட்டை மக்கள்' என வாசிக்கவும்.